அங்கிருந்து என்ன தெரியும்?

தண்ணீர் இல்லாத ஒரு குளத்தில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம். சுமார் 950 சதுர கிலோமீட்டர். மரம் குறைவு. புல், சேறு, கருங்கல், ஓயாத காற்று. மேடுகளின் உச்சியில் கருங்கற்கள் யாரோ அடுக்கிவைத்த மாதிரி நிற்கும். அவற்றை அங்கே 'டார்' என்கிறார்கள். சாலைகளில் இருந்து வெகுதூரம் தள்ளி, வடபகுதியின் நடுவில் கிரான்மியர் பூல் இருக்கிறது. 'பூல்' என்பது பேருக்குத்தான். போய்ப் பார்த்தால் கறுப்புச் சேற்றுமண்ணில் ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

குளம் எங்கே போனது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. ஓக்ஹாம்ப்டன் ஊரின் பழைய மேயர் ஒருவர் செத்தபிறகும் ஆவியாக அலைந்தாராம். அவரை அடக்குவதற்காக, இந்தக் குளத்து நீரை ஒரு சல்லடையால் இறைத்து முடிக்க வேண்டும் என்று தண்டனை கொடுத்தார்களாம். ஆவி லேசுப்பட்டதா? ஆட்டுத்தோல் ஒன்றைச் சல்லடைக்குள் விரித்து, குளத்தையே இறைத்துக் கொட்டிவிட்டது. ஊர் வெள்ளத்தில் மிதந்ததாம்.

1854-ல் சாக்ஃபர்ட் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி அந்தப் பள்ளத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுபோய் வைத்தார். அவர் அழைத்துவரும் வசதியான ஆட்கள், இவ்வளவு சேற்றைத் தாண்டி இங்கே வந்தேன் என்பதற்கு அடையாளமாகத் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டார்கள். பிறகு ஒரு தகரப்பெட்டி, ஒரு வருகைப் பதிவேடு, 1937-ல் கல்லால் கட்டிய ஒரு பெட்டி என்று அது வளர்ந்தது. இதற்கு நடுவில் யாரும் சட்டம் போடாமலே ஒரு வழக்கமும் வந்துவிட்டது. மேலே போகிறவர் தன் முகவரிக்கே ஓர் அஞ்சலட்டை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வருவார். அடுத்து வருகிறவர், முன்பின் தெரியாத யாரோ ஒருவர், அதை எடுத்துக்கொண்டு இறங்கி, தன் ஊரில் தபாலில் சேர்ப்பார். அடுத்தவர் நாளையும் வரலாம், மூன்று மாதம் கழித்தும் வரலாம். வராமலும் போகலாம்.

டார்ட்மூரைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிய வில்லியம் கிராஸிங்கின் நினைவாக 1938-ல் டக்ஸ் பூல் என்ற இடத்தில் இன்னொரு பெட்டி வைத்தார்கள். 1970கள் வரை மொத்தப் பெட்டிகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. பிறகு என்ன ஆனதோ, ஆயிரக்கணக்கில் பெருகின. நூறு பெட்டிகளைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு கிளப்கூட உண்டு. 1998-ல் 'ஸ்மித்ஸோனியன்' இதழில் வந்த ஒரு கட்டுரை இந்தப் பைத்தியத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸின் துல்லியத்தைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. மறுநாளே ஆரகன் மாகாணத்தில் ஒருவர் ஒரு வாளியைப் புதைத்து, அதன் எண்களை இணையத்தில் போட்டார். இன்று உலகம் பூராவும் 'ஜியோகேஷிங்' என்று ஆடும் விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. அதில் போன் உங்களைப் புள்ளிவரை கூட்டிப்போய் விட்டுவிடும். டார்ட்மூர்ப் பெட்டிக்காரர்கள் இன்னும் காம்பஸை வைத்துக்கொண்டுதான் சுற்றுகிறார்கள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. பிளைமவுத்தில் செவிலியராக வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஜன்னல் வழியே வடக்கே நீலமாகத் தெரியும் மேடு டார்ட்மூர் என்பது மட்டும் தெரியும். என்னோடு வார்டில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, டாவிஸ்டாக் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர், நூறு பெட்டிகளை என்றைக்கோ தாண்டியவர். அப்பா வந்திருக்கிறார் என்று சொன்னபோது, "நடப்பாரா?" என்று கேட்டார்.

"அது ஒன்றுதான் செய்கிறார்" என்றேன்.

மறுநாள் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். அதில் மூன்று எண்களும் ஒரு வரியும் இருந்தன.

*

அப்பா தபால்காரர். கீழ்ப்பழனி மலையில் ஒரு கிளை அஞ்சலகத்தில் நாற்பது வருடம். காப்பித் தோட்டம், மலைவாழை, மிளகு, நடுநடுவே நாலு வீடு, ஐந்து வீடு என்று சிதறிக்கிடக்கும் ஊர்கள். சைக்கிள் போகிற பாதை பாதிதான். மீதிப் பாதி நடை. அறுபத்தைந்தில் ஓய்வு. அதற்கு மூன்றாவது வருடம் அம்மா போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. காரியம் முடிந்து நான் கிளம்பும்போது வாசலில் நின்று கை காட்டினார். பின்னால் வீடு திறந்தே கிடந்தது. அந்த வாசலை மறக்க முடியாமல்தான் விசா போட்டு அவரை அழைத்தேன்.

விசிட்டர் விசா ஆறு மாதம். அதற்கு மேல் அவரை என்னோடு வைத்துக்கொள்வதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆனால் 2012-லிருந்து அந்த வழி மிகவும் குறுகிவிட்டது. வயதாலோ நோயாலோ அவரால் அன்றாட வேலைகளைக்கூடத் தானாகச் செய்ய முடியாமல் இருக்க வேண்டும். அதற்கான துணை, நான் பணம் அனுப்பினாலும் ஊரில் கிடைக்காது என்று நிரூபிக்கவும் வேண்டும். அப்பா காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, என் சமையலறையில் தானே காப்பி போட்டுக் குடித்துவிட்டு, ஆறு மைல் நடந்துவிட்டு வருவார். அவர் நன்றாக இருப்பதுதான் அவருக்கு எதிரான சாட்சி. நோயாளிகளின் படிவங்களைத் தினமும் நிரப்புகிறவள் நான். என் அப்பாவுக்காக நிரப்ப என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் அவர் இருக்க விரும்புகிறாரா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்ய முடியும்? இல்லை என்று சொல்லிவிட்டால் அதை என்ன செய்வது? ஐந்து மாதம் இப்படியே போயிற்று. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திரும்பும் டிக்கெட் அலமாரியில் கிடந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரில் ஏறினோம்.

"எங்கத்தா போறோம்?"

"மலைக்குப்பா. ஒரு பொட்டி தேடப்போறோம்."

"யாரு பொட்டி?"

"யாரு பொட்டியும் இல்ல."

"அப்பறம் அத எதுக்குத் தேடணும்?"

பதில் சொல்லாமல் காகிதத்தை நீட்டினேன். தனக்கு இங்கிலீஷ் வராது என்பார் அப்பா. ஆனால் எவ்வளவு மோசமான கையெழுத்தில் எழுதியிருந்தாலும் ஒரு முகவரியை வாசித்துவிடுவார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

அதில் இருந்ததை அப்படியே இங்கே எழுத மாட்டேன். பெட்டி இருக்கும் இடத்தை ஊரறியச் சொல்லக்கூடாது என்பது இந்த விளையாட்டின் முதல் மரியாதை. எண்களையும் கல்லின் அடையாளத்தையும் மாற்றித்தான் தருகிறேன். கோபுரம் 112. தேவாலயம் 305. கிரேட் மிஸ் டார் 61. பிறகு: தனியாக நிற்கும் கல்லில் இருந்து கீழ்நோக்கிப் பதினான்கு எட்டு, கதவு மாதிரிக் கல்லின் பின்னால்.

"இது என்ன அட்ரஸ்?" என்றார் அப்பா. "ஊரு இல்ல, தெரு இல்ல, பேரு இல்ல."

"அங்க நின்னு பாத்தா என்னென்ன எந்தத் திசையில தெரியும்னு எழுதியிருக்குப்பா. அது எல்லாம் சரியாத் தெரியிற எடத்த நாமதான் தேடணும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "பிள்ளையார் கோயிலுக்கு எதுத்தாப்ல, புளியமரத்துக்கு மேக்கனு எழுதுவாங்கள்ல, அந்தக் கணக்கு" என்றார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இறங்கும்வரை திருப்பித் தரவில்லை.

*

டாவிஸ்டாக்கில் இருந்து பிரின்ஸ்டவுன் போகும் சாலையில் போர்க் ஹில் என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டு ஏறினோம். பாதை என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆடுகளும் குதிரைகளும் போட்ட தடம்தான். அப்பா என் பழைய மழைக்கோட்டும், ஊரில் இருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாவும் போட்டிருந்தார். எதிரே இறங்கி வந்த வெள்ளைக்காரத் தம்பதி வணக்கம் சொன்னார்கள். அப்பா இரண்டு கையையும் கூப்பினார். அவர்களும் கூப்பினார்கள்.

கிரேட் ஸ்டேப்பிள் டார் 455 மீட்டர்தான். நம் மலைக்கணக்கில் அது ஒரு திண்ணை. ஆனால் உச்சியில் இரண்டு பெரிய கல்லடுக்குகள் கோபுர வாசலின் இரு பக்கத் தூண்கள் மாதிரி நிற்கின்றன. நடுவே நின்றால் காற்று ஆளைத் தள்ளும். ஏறத்தாழ 28 கோடி வருடத்துப் பழைய கருங்கல். அதைச் சுற்றிச் சரிவு முழுக்க, வீட்டளவில் இருந்து தலையணை அளவுவரை, உடைந்து உருண்ட கற்கள். ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு பொந்து. எந்தப் பொந்திலும் ஒரு டப்பாவை ஒளித்துவைக்கலாம்.

காம்பஸை எடுத்தேன். கிழக்கே பள்ளத்தாக்கைத் தாண்டி நார்த் ஹெஸ்ஸரி டார் மேல் தொலைக்காட்சிக் கோபுரம். கிட்டத்தட்ட 196 மீட்டர் உயரம். டார்ட்மூரில் பல இடங்களில் இருந்து அது கண்ணில் படும். வடமேற்கே தனிக்குன்று ஒன்றின் தலையில் பிரென்ட்டார் தேவாலயம், சின்னத் தீப்பெட்டி மாதிரி. வடகிழக்கே கிரேட் மிஸ் டார். ரூஸ் டாரில் ராணுவத்தின் கொடிக்கம்பம். சுடும் பயிற்சி நடக்கும் நாளில் அதில் சிவப்புக் கொடி பறக்கும். அன்று அந்தப் பக்கம் போகக்கூடாது. எங்களுக்கு அன்று கொடி இல்லை.

அப்பாவுக்கு இந்தக் கணக்கைத் தரையில் கோடு போட்டு விளக்கினேன். கோபுரம் 112 பாகையில் தெரிகிற இடங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அந்தக் கோட்டின் மேல் எங்கேயோதான் பெட்டி. தேவாலயம் அதற்குக் கிட்டத்தட்ட எதிர்த்திசை. அதனால் அது தருகிற கோடும் ஏறக்குறைய இதே கோடுதான். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கலாம். பக்கவாட்டில் இருந்து வரும் மூன்றாவது எண்தான் கோட்டின் எந்தப் புள்ளி என்று சொல்லும். ஒரு பாகை தப்பினால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அடையாளத்துக்கு, நிற்கும் இடம் 35 மீட்டர் தள்ளிப்போய்விடும்.

கோட்டைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினோம். நூறு அடி போயிருக்க மாட்டோம். மேகம் இறங்கிவிட்டது.

முதலில் கோபுரத்தின் உச்சி போனது, பிறகு இடுப்பு. பிறகு கோபுரம் இருந்த மலையே இல்லை. தேவாலயம் இல்லை. மிஸ் டார் இல்லை. கையில் துல்லியமான மூன்று எண்கள், அவை குறிக்கும் எதுவும் கண்ணில் இல்லை.

"விட்டாத் தெரியும். உக்காரு" என்றார் அப்பா.

உட்கார்ந்த இடத்தில் ஒரு விசித்திரமான கல் இருந்தது. இரண்டு குட்டைக் கற்களின் மேல் ஒரு பலகைக்கல். அதுமாதிரி இன்னும் சில, வரிசையாக. அந்த அம்மா சொல்லியிருந்தார்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்துத் தெருக்களுக்குப் பாவுகல் கொத்திய ஆட்களின் வேலைமேடைகள். மழையிலும் காற்றிலும் அதன் முன்னால் குனிந்து உட்கார்ந்து, கல்லைச் செங்கல் அளவுக்கு உடைத்துக் கொடுத்தார்கள். அப்பா அந்தப் பலகையைத் தடவினார். "கூலி கல்லுக்கா, நாளுக்கா?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியவில்லை.

வெண்மை எங்களைச் சுற்றி நின்றது. எங்கேயோ ஓர் ஆடு இருமியது. கேட்பதாக இருந்தால் இப்போது கேட்க வேண்டும் என்று தோன்றியது. நான் காம்பஸைப் பற்றிப் பேசினேன். காந்த வடக்கு நிலையாக நிற்பதில்லை, வருடத்துக்கு வருடம் நகர்கிறது என்றேன். நாற்பது வருடத்துக்கு முன் எழுதிய குறிப்பை இன்றைய காம்பஸோடு படித்தால் சில பாகை தப்பும். உண்மை வடக்கு, வரைபட வடக்கு, காந்த வடக்கு என்று மூன்று உண்டு. 2022 நவம்பரில் பக்கத்து டார்செட் கடற்கரையில் ஒரு கிராமத்தில் அந்த மூன்றும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்தன.

"வடக்கு நகருமா?" என்றார்.

"நகரும்ப்பா."

"அப்ப அத நம்பி எப்படி அட்ரஸ் எழுதுறது?" என்று சிரித்தார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். ஐந்து மாதத்தில் அவர் தொடர்ச்சியாகப் பேசியது அன்றைக்குத்தான்.

மலைத்தோட்டத்துக்கு வரும் கடிதத்தில் பேரும் தோட்டமும் மட்டும் இருக்கும். அதே பேரில் அந்தத் தோட்டத்தில் நாலு பேர் இருப்பார்கள். அப்படி வரும்போது அவர் முகவரியைப் பார்க்க மாட்டாராம். சீலைப் பார்ப்பார். திருப்பூர் சீல் என்றால், யார் வீட்டுப் பையன் பனியன் கம்பெனிக்குப் போயிருக்கிறான்? ஊட்டி என்றால், யார் வீட்டுப் பெண்ணை அங்கே கட்டிக் கொடுத்தது? "போற எடம் தெரியலன்னா வந்த எடத்தப் பாக்கணும். பாதி லெட்டர் அப்படித்தான் போய்ச் சேந்துச்சு." மணியார்டர் கொண்டுபோனால் கூடவே மைப்பெட்டியும் போகும். எழுதத் தெரியாத கிழவிகளின் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, படிவத்தில் உருட்டி எடுக்க வேண்டும். சாட்சிக்குப் பக்கத்து வீட்டார் கையெழுத்து. "எத்தன வெரலப் பிடிச்சிருப்பேன். காப்பி பறிக்கிற வெரலு, ரேகையே இருக்காது. தேஞ்சு போயிருக்கும். ரெண்டு மூணு தடவ உருட்டணும்."

"அம்மா லெட்டர் எழுதுவாங்களா, கல்யாணத்துக்கு முன்னாடி?"

"ஒண்ணே ஒண்ணு" என்றார். "என் கையிலயே வந்து சேந்துச்சு. நானே எனக்கு டெலிவரி பண்ணிக்கிட்டேன்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருபது நிமிடம் இருக்கும். மிஸ் டாரின் ஓரம் முதலில் வெளிறித் தெரிந்தது. பிறகு எல்லாமும் தத்தமது இடத்தில் இருந்தன.

*

மூன்று எண்களும் ஒத்துவந்த இடத்தில் ஒரு கல் தனியாக நின்றது. அதில் இருந்து பதினான்கு எட்டு வைத்தேன். கதவு மாதிரிக் கல் இல்லை. மறுபடி வைத்தேன். இல்லை.

"எழுதுனவன் உன்னவிட ஒசரமா இருப்பான்" என்றார் அப்பா. தன் நடையை நீட்டி எட்டு வைத்தார். எண்ணி முடித்து, நின்று, ஆனால் கல்லைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு இடது பக்கம் மூன்றடி நகர்ந்து, ஒரு தட்டைக் கல்லைக் காட்டினார்.

"இதுதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

சுற்றி இருந்த எல்லாக் கல்லின் மேல்புறத்திலும் சாம்பல் நிறத்தில் பாசி படர்ந்திருந்தது. அந்த ஒரு கல்லின் மேல்புறம் சுத்தமாக இருந்தது. பாசி அதன் அடிப்பக்கத்தில் இருந்தது. யாரோ அதைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். முன்னால் இருந்த புல்லும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் படிந்திருந்தது. நின்றவர்கள் மண்டியிட்ட இடம்.

கல்லை நகர்த்தினோம். பொந்துக்குள் மூடி திருகும் பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் இரண்டு பாலித்தீன் பைகள், ஒரு சின்ன நோட்டு, மைப்பெட்டி, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டாம்பில் கல்கொத்தியின் சுத்தியல் படம். நாங்கள் உட்கார்ந்திருந்த மேடையை அப்போது அப்பா திரும்பிப் பார்த்தார்.

செய்முறை எளிது. பெட்டியின் முத்திரையை உங்கள் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும். உங்கள் சொந்த முத்திரையைப் பெட்டியின் நோட்டில் குத்திவைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தங்களுக்கென்று ஒரு ஸ்டாம்ப் செய்துவைத்திருக்கிறார்கள். நோட்டைப் புரட்டினோம். ஒரு நரி, ஒரு தேநீர்க் கோப்பை, நாய்களின் பாதம். தேதிகள். நனைந்துவிட்டோம் என்ற வரி மட்டும் பல கையெழுத்துகளில். எங்களிடம் ஸ்டாம்ப் இல்லை. பேனாவை எடுத்து அப்பாவின் பேரை எழுதப் போனேன்.

"இரு" என்றார். மைப்பெட்டியைத் திறந்து, தன் இடது கட்டைவிரலை வலது கையால் பிடித்து, மையில் அழுத்தி, நோட்டில் ஓரத்தில் இருந்து ஓரம் உருட்டி எடுத்தார். ரேகை ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. விரலைத் துடைத்துக்கொண்டே, "சாட்சிக் கையெழுத்து நீ போடு" என்றார். போட்டேன்.

அந்த அம்மா பழைய வழக்கத்தைச் சொல்லியிருந்ததால் ஓர் அஞ்சலட்டை வாங்கி, வெளிநாட்டுக்குப் போகும் தபால்தலையையும் ஒட்டிக் கொண்டுவந்திருந்தேன். படத்தில் டார்ட்மூர்க் குதிரை. யாராவது எடுத்துத் தபாலில் போடுவார்கள் என்று அப்பாவுக்கு விளக்கினேன்.

"யாரு?"

"யாராவது."

"சம்பளம் இல்லாமலா?"

"இல்லாமத்தான்."

தலையை ஆட்டிக்கொண்டார். அட்டையை முழங்காலில் வைத்து, சட்டைப்பையில் இருந்து தன் மைப்பேனாவை எடுத்தார். யாருக்கு என்ற இடத்தில் தன் பேரை எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்நாட்டுக்கும் அந்தத் தபால்தலை போதும். பிளைமவுத் முகவரியும் அவருக்கு மனப்பாடம். ஐந்து மாதமாக நான் வாயில் வைத்துக்கொண்டிருந்த கேள்வி அந்த இரண்டாவது வரியில்தான் இருந்தது. அவரும் ஒரு நொடி நிறுத்தினார். பேனாவை உதறினார். பிறகு வீட்டுப் பேர், தோட்டத்துப் பேர், வழி, வட்டம், திண்டுக்கல் மாவட்டம் என்று வரிசையாக எழுதினார். கடைசியில் 624 என்று தொடங்கும் ஆறு எண்களை, ஒவ்வொன்றுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் இருப்பது போல, இடைவெளி விட்டு எழுதினார். இந்தியா என்று போட்டு அடிக்கோடிட்டார்.

"சேதி எழுதலையா?"

"எனக்கு நானே என்னத்த எழுதுறது?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "கார்டு வாறப்ப வீட்ல ஆள் இருக்கணும்ல, தாயி. இல்லன்னா திரும்பிப்போயிரும். அங்கேருந்து எங்க திரும்பும்? இந்தப் பொந்துக்கா?"

சிரித்தேன். கண்ணில் மழை என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கு மழைகூட இல்லை. டப்பாவை மூடி, பொந்தில் வைத்து, கல்லை முன்பு இருந்தபடியே சாத்தினோம். அப்பா கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்று பார்த்துவிட்டு, திரும்ப வந்து அரை அங்குலம் நகர்த்தினார்.

*

அக்டோபரில் போய்விட்டார். அலமாரி காலியானது. காலையில் ஐந்து மணிக்குச் சமையலறையில் சத்தம் இல்லை.

நவம்பர், டிசம்பர். போனில் கார்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. குளிர்காலத்தில் டார்ட்மூரில் யார் நடக்கப்போகிறார்கள்? மேட்டில் பனி விழுந்ததை வார்டு ஜன்னலில் இருந்து பார்த்தேன். பெட்டிகள் காணாமல் போவதும் உண்டு. நீர் புகுந்து கூழாவதும் உண்டு. நாற்பது வருடம் அடுத்தவர் கடிதத்தைச் சுமந்த ஒரு மனிதருக்கு, ஒரே ஒரு கடிதத்தை வேறு யாராவது சுமந்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. அந்த அம்மாவிடம் சொன்னேன். போய் எடுத்து நீயே போட்டுவிடாதே, அது போங்கு ஆட்டம் என்றார்.

பிப்ரவரியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம், வீடியோ அழைப்பு. திரையில் அப்பாவின் முகம் இல்லை. ஒரு குதிரை இருந்தது.

"வந்துருச்சு" என்றது குரல்.

அட்டையைத் திருப்பினார். முதலில் காட்டியது சீலைத்தான். "பிரிஸ்டல்னு இருக்கு. அங்க நமக்கு யாரு?" யாரும் இல்லை. ஈரத்தில் அவருடைய மை படர்ந்திருந்தது. தோட்டத்துப் பேர் ஒரு நீலத்திட்டு. மாவட்டம் பாதிதான் தெரிந்தது. ஆனால் அடியில் இருந்த ஆறு எண்களின் மேலும், அதே இடைவெளியில், யாரோ கறுப்புப் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி மறுபடி எழுதியிருந்தார்கள். இந்தியா என்பதையும். வேறு ஒரு வார்த்தை இல்லை. பேர் இல்லை, வாழ்த்து இல்லை.

"பேரு அழிஞ்சாலும் பின்கோடு இருந்தா ஊருக்கு வந்துரும். ஊருக்கு வந்துட்டா எனக்கு வந்துரும்" என்றார் அப்பா. "எது முக்கியம்னு தெரிஞ்சு எழுதியிருக்காப்ல. வேலை தெரிஞ்ச ஆளு."

இப்போதைய தபால்காரப் பெண் ஸ்கூட்டியில் வந்து கொடுத்தாளாம். யார் போட்டது தாத்தா என்று கேட்டாளாம். என்ன சொன்னீர்கள் என்றேன்.

"நான்தான் போட்டேன்னேன். பைத்தியம்னு நெனச்சிருக்கும்."

கொஞ்ச நேரம் அட்டையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தாளு நம்ம கார்ட எடுத்துக்கிட்டு அவரு கார்ட வச்சுட்டுத்தான போயிருப்பாரு?" என்றார். "அது இன்னும் அங்கயே கெடக்குமே."

அடுத்து வந்த விடுமுறை நாளில் தனியாகப் போனேன். வானம் தெளிவாக இருந்தது. கோபுரம், தேவாலயம், மிஸ் டார் மூன்றும் தெரிந்தன. காம்பஸை எடுக்க வேண்டியிருக்கவில்லை. நோட்டில் அப்பாவின் கட்டைவிரலுக்குக் கீழே ஏழெட்டு முத்திரைகள் புதிதாகச் சேர்ந்திருந்தன. பையில் ஓர் அட்டை இருந்தது. பிரிஸ்டல் முகவரி இல்லை. அதற்குள் இன்னும் சிலர் வந்து போயிருக்கிறார்கள். இது யார்க்‌ஷயரில் ஒரு சின்ன ஊருக்கு, ஒரு குழந்தையின் கையெழுத்தில். தபால்தலை ஒட்ட மறந்திருந்தார்கள். அஞ்சல் குறியீட்டின் கடைசி எழுத்து மங்கியிருந்தது.

கீழே இறங்கி, டாவிஸ்டாக்கில் ஒரு தபால்தலை வாங்கி ஒட்டினேன். பேனாவை எடுத்து அந்த ஓர் எழுத்தை மட்டும் அழுத்தி எழுதிவிட்டு, சிவப்புப் பெட்டியில் போட்டேன்.